ஐந்தாவது சக்கரம்

"செலவு அதிகமில்லாம இந்தத் துருவப் போக்க ஒரு வழி சொல்லுங்க அம்மணி," என்றார் பொன்னுரங்கம்.

தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். இப்போது பொள்ளாச்சியில் சபூராவின் சைக்கிள் கடை முன்னால், பழைய காரின் ஸ்டெப்னியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றார். கம்பிச் சக்கரம். கம்பியெல்லாம் ஒரே துரு.

"மத்த நாலையும் நானே முடிச்சுட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சில்வர் பெயிண்ட். அங்க பாருங்க."

ரோட்டோரம் கார் நின்றது. நான்கு சக்கரமும் வெயிலில் கண்ணைப் பறித்தன. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன விசேஷங்க?"

"ஞாயித்துக்கெழம வால்பாறைல மக கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை இதுலதான் மலையிறங்கி வரோணும். நாப்பது வளைவு."

சபூரா துருவைப் பார்க்கவே இல்லை. டீ டம்ளரில் கிடந்த கரண்டியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒவ்வொரு கம்பியாத் தட்டுங்க."

துருவுக்கும் கரண்டிக்கும் என்ன சம்பந்தம்? கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் உட்கார்ந்து தட்டினார். ஒரு சுற்று முடிய வெகுநேரம் ஆனது.

"என்ன கேட்டுச்சுங்க?"

"எல்லாம் டிங், டிங்குன்னு ஒரே மாதிரி."

"அப்ப நல்ல சக்கரம். எல்லாக் கம்பியும் இழுத்துப் புடிச்சு நிக்குது. துரு மேலாப்புலதான். புளியக் கரைச்சுப் பூசி ஊற விட்டு, தேங்கா நாருல தேய்ங்க. போதும்."

பொன்னுரங்கம் சிரித்தார். இவ்வளவுதானா? எழுந்து வேட்டியைத் தட்டியவருக்குச் சும்மா ஒரு சந்தேகம் வந்தது.

"கம்பி விட்டுப்போயிருந்தா எப்படிக் கேக்கும்?"

"டொக்குன்னு."

"பாத்தாத் தெரியாதா?"

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடின்னாத் தெரிஞ்சிருக்குமுங்க."

அவர் சிரிப்பு நின்றது. காரைப் பார்த்தார். காலையில் மகளை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தது ஞாபகம் வந்தது.

கரண்டியோடு போய் முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டார்.

டிங்.

டிங்.

டொக்.

அதே கம்பியை இன்னொரு தரம் தட்டினார். சபூரா ஜாக்கியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இன்னைக்குப் புதன்தானுங்க," என்றாள்.