செத்த முயல் சாகவில்லை

காட்டுக் குளக்கரையில் செம்பன் என்றொரு கீரி இருந்தது. வேட்டையாடச் சோம்பல், வாய் மட்டும் நீளம். குட்டைவால் என்ற முயலின் வீரக்கதையை அது தினமும் மாலையில் தொடராகச் சொல்லும். மான், பன்றி, மயில் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தீனி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்கும்.

கதையில் ஒருநாள் குட்டைவால் மேற்குக் கரையில் தண்ணீர் குடிக்க இறங்கியது. முதலை கவ்விக் கொன்றுவிட்டது. கேட்டவை எல்லாம் தேம்பித் தேம்பி அழுதன. பதினாறாம் நாள் காரியம்கூடச் செய்துவிட்டன. அதற்குப் பிறகு மேற்குக் கரைப் பக்கம் எந்த விலங்கும் தலைவைத்துப் படுக்கவில்லை.

அங்கே குடியிருந்த நிஜ முதலைக்குப் பொடி மீன்தான் மிச்சம்; வயிறு ஒட்டிப்போனது.

"டேய் செம்பா! உன் கதையால என் பொழப்பே போச்சு. கதையை மாத்து. தினம் ஒரு மீன் தரேன்!"

"செத்த முயலை எப்படிண்ணே எழுப்புறது?"

"ரெண்டு மீன்!"

முயல் எழுந்துவிட்டது.

"குட்டைவால் சாகவே இல்லை!" என்றது செம்பன் மறுநாள். "வெள்ளத்துல போனவனை முதலையார் வாயில ஏந்திக் கரை சேர்த்தார். அவர் சுத்த சைவம்!"

"அன்னிக்கு அவர் வாயெல்லாம் ரத்தம்னு சொன்னீங்களே?" என்றது ஒரு பெண்மான்.

"ரத்தமா? அது நாவல்பழச் சாறும்மா! நீங்கதான் சரியாக் கேக்கலை."

மானுக்குச் சந்தேகம்தான். ஆனால் குட்டைவால் உயிரோடு இருக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கரையெல்லாம் ஒரே கும்மாளம்.

கோடை வந்தது. மேற்குக் கரையில் மட்டும்தான் தண்ணீர் மிச்சம். தாகத்தோடு எல்லாம் அங்கே வந்து தயங்கி நின்றன.

"கதைக்காரரே, முதல்ல நீங்க இறங்கிக் குடிங்க!" என்றது மான்.

செம்பன் தண்ணீரையும் மானையும் மாறி மாறிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும், மீனும் போகும். அதோடு, சொல்லிச் சொல்லித் தன் கதையை அதுவே பாதி நம்பிவிட்டிருந்தது, பாவம்! மெல்ல இறங்கியது.

லபக்!

"ஐயோ, கீரி எங்கே?" என்று அலறியது மான்.

முதலை நிதானமாக விழுங்கி முடித்தது. "எந்தக் கீரி? இந்தக் குளத்துல கீரியே கிடையாதே! இத்தனை நாளும் கதை சொன்னது நான்தான்."

எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதலையோடு வாதாடினால் குட்டைவால் கதை பாதியில் நின்றுவிடுமே!

"சரி, அப்புறம் குட்டைவால் என்ன பண்ணினான்?" என்று கேட்டது மயில்.

"இன்னும் கிட்ட வந்து உக்காருங்க, சொல்றேன்!"

நடந்ததை இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லி ஊரை நம்பப் பழக்குகிறவனுக்கு, அவனே காணாமல் போகும் நாளில் சாட்சி சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.