துரைசாணிக்குப் போன வெற்றிலைத் தட்டு

முன்னொரு காலத்தில் மலாய்க் கடலோரத்தில் தஞ்சோங் கெலாடி என்றொரு சீமையை ஒரு சுல்தான் ஆண்டுவந்தார். வயது அறுபது. நாலு பேர் புகழாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

அந்தப் பக்கத்தில் அரசாங்கக் கடிதம் என்றால் மஞ்சள் பட்டில் சுற்றி, யானைமேல் ஊர்வலமாக வரும். அதில் என்ன உறவு சொல்லி எழுதி முத்திரை வைக்கிறார்களோ, அதுதான் ஊரறிந்த உறவு.

ஒருநாள் வெள்ளைக்காரக் கவர்னரின் கடிதம் வந்தது. "தகப்பனாகிய நாம் மகனாகிய சுல்தானுக்கு எழுதுவது. ஆற்று முகத்துவாரத்தைத் தகப்பனிடம் ஒப்படைக்கவும்." இந்தத் தகப்பனுக்கு வயது முப்பத்தைந்து! முகத்துவாரம் போனால் அரிசிக் கப்பல் வராது, நாடே பட்டினி. மறுத்தாலோ பீரங்கி வரும்.

தளபதி சுலோங் சுல்தானை வணங்கி முந்திக்கொண்டார். "துரை மகனே என்று அழைத்ததே பாக்கியம், துவாங்கு! கொடுத்துவிடுவோம். பதிலை நானே எழுதுகிறேன். நாகூரிலிருந்து பிழைக்க வந்த இந்த நெய்னாவுக்கு நம் சபையில் என்ன வேலை?"

அரண்மனைக் கடிதமெல்லாம் எழுதுகிற பக்கீர் நெய்னா சிரித்தார். "அப்பன் கிடைத்தால் போதுமா, தளபதியாரே? ஆத்தாளுக்கு முறை செய்ய வேண்டாமா?"

சுல்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "முகத்துவாரம் போகிறது, நீ முறை பேசுகிறாயா? அது போனால் உன் தலையும் போகும்!"

"போகட்டும் துவாங்கு. இப்போதைக்கு ஒரு வெற்றிலைத் தட்டு கொடுங்கள்."

நெய்னா எழுதிய பதில் கடிதத்தோடு தட்டு போய்ச் சேர்ந்தபோது கவர்னர் மாளிகையில் விருந்து. கல்யாணமாகி மூன்று மாதமே ஆன துரைசாணியின் முன்னால் தட்டை வைத்து, துபாஷி உரக்கப் படித்தார்: "எங்கள் சின்னத்தாயாருக்கு மூத்த மகன் எழுதுவது. தகப்பனாரின் முத்திரைக் கடிதத்தால் உறவு தெரிந்து மகிழ்ந்தோம். உங்கள் பேரப்பிள்ளைகள் பதினேழு பேரோடு ஆசி வாங்க வருகிறோம். தகப்பனார் சொத்தில் மூத்தவன் பங்கை அப்போது பேசிக்கொள்ளலாம்."

"யார் அவள், அந்த மூத்தவனைப் பெற்றவள்?" என்று கேட்டு, வயதுக் கணக்கெல்லாம் பார்க்காமல் துரைசாணி தட்டைத் தூக்கி எறிந்தாள். கவர்னர் சொன்ன சமாதானம் ஒன்றும் எடுபடவில்லை. பாவம், சிதறிய பாக்கைப் பொறுக்கியதுதான் மிச்சம்.

எட்டாம் நாள் அடுத்த கடிதம் வந்தது, முன்னதைவிடப் பெரிய முத்திரையோடு. "எமக்கு உங்கள் நாட்டில் மகன் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. ஆறும் வேண்டாம், முகத்துவாரமும் வேண்டாம். தயவுசெய்து இதை எம் மனைவிக்கு நீங்களே ஒரு வரி எழுதவும்."

சுல்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். விரலில் கிடந்த மாணிக்க மோதிரத்தைக் கழற்றி நெய்னாவுக்குப் போட்டார். பிறகு தளபதியின் பக்கம் திரும்பினார்.

"சுலோங், அந்த ஒரு வரிப் பதிலை நீரே கொண்டுபோம். நீர் யாரென்று துரைசாணி கேட்டால், இளைய மகன் என்று சொல்லும்."