சமையலறை மணி

மலையடிவாரத்து ஆசிரமத்தில் இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று தியான மண்டபத்தில். காலை ஆறுக்கு ஒரு தடவை, ஏழுக்கு ஒரு தடவை அடிக்கும், அவ்வளவுதான். இன்னொன்று சமையலறை ஜன்னலில் தொங்கிய சின்னப் பித்தளை மணி. யாருக்கு எது வேண்டுமானாலும் அதை ஆட்டலாம் என்பது அங்கே வழக்கம். எந்த நேரமும் ஆட்டலாம். ஆட்டினார்கள்.

அந்த மணிக்கு ஓடி வருகிறவள் தையல்நாயகி. வயது ஐம்பத்து நான்கு. கணவர் காலமான மறு வருடம், இனிமேலாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம் என்று ஆசிரமத்துக்கு வந்தாள். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் உட்காரவில்லை.

வந்த முதல் வாரம் சமையல்காரர் லீவு கேட்டார். "நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க" என்றாள். அவர் போனார். திரும்பி வரவில்லை. எதற்கு வருவார்?

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் எத்திராஜுலுவுக்குப் பதினோரு மணிக்கு இரண்டாவது காபி. ஒருவருக்கு உப்பில்லாத கஞ்சி. ஒருவருக்கு ரசத்தில் மிளகே கூடாது, பக்கத்து அறைக்காரருக்கு மிளகு இல்லாவிட்டால் இறங்காது. பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் ஒன்பது விதச் சமையல். யார் எது கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்: "அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு."

அவளைப் போலச் சேவை செய்ய யாராலும் முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். யாரும் முயற்சி செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு குரு பூர்ணிமைக்கும் அவள் சுவாமியிடம் கேட்பாள்.

"நான் என்ன தட்சிணை தரட்டும் சுவாமி?"

சுவாமி அவளைவிட எட்டு வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

"நான் கேக்கறது இன்னும் உங்ககிட்ட இல்லம்மா" என்பார்.

அவள் உடனே போய் இன்னொரு பாயசம் வைப்பாள்.

ஒன்பதாவது பூர்ணிமையன்று நானூறு பேருக்குப் பந்தி. சாம்பார் அண்டா முன்னால் நின்றவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கியது. கரண்டியை விட்டாள். அப்படியே உட்கார்ந்தாள், அப்புறம் சாய்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் கண் விழித்தபோது முதலில் கேட்ட கேள்வி: "சாம்பார் அடி பிடிச்சுடுச்சா?"

டவுன் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார்: ஜெசிந்தா, மனநல ஆலோசகர்.

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சுவாமியிடம் போனாள்.

"சுவாமி, எனக்குப் பைத்தியமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இந்தச் சீட்டு? தூங்கினாக்கூட மணிச் சத்தம் கேக்குது. வெளியில மாடு போனாலும் நெஞ்சு அடிக்குது. அந்த மணியைக் கழட்டிடுங்க, சரியாப் போயிடும்."

"மணி என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்குத் தொங்குது."

"அப்ப நீங்களே எனக்கு ஒரு வழி சொல்லுங்க. குரு இருக்கும்போது வெளியாள்கிட்ட எதுக்குப் போகணும்?"

"நான் சொன்னா நீங்க நாளைக்கே குணமாயிடுவீங்க."

"நல்லதுதானே?"

"எனக்காகக் குணமாவீங்க."

அவளுக்கு அது விளங்கவில்லை. சுவாமி மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"இன்னிக்கு வியாழக்கிழமை. பத்து மணி பஸ். வாங்க, சேர்ந்தே போகலாம்."

"நீங்க பல் டாக்டர்கிட்ட இல்ல போவீங்க?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான். ஆறு வருஷமா வியாழக்கிழமை தவறாமப் போறீங்களே."

"ஆறு வருஷமா பல் பிடுங்கினவன் வாயில என்னம்மா மிச்சம் இருக்கும்?" சுவாமி வாயைத் திறந்து காட்டினார். முப்பத்திரண்டும் இருந்தன. "அதே மாடிதான். அந்தம்மாவுக்கு எதிர் ரூம்ல இன்னொரு ஆலோசகர், பெரியவர். அவர்கிட்டதான் நான் போறேன். எனக்குக் கூட்டத்தைப் பார்த்தா உள்ளங்கை வேர்க்கும். இப்பவும் வேர்க்குது. ஆனா வந்து உட்காந்துடறேன்."

தையல்நாயகி அவர் பின்னால் நடந்தாள். பஸ் டிக்கெட்டை மட்டும் அவள்தான் எடுத்தாள், வழக்கம் போல.

மருந்துக்கடைக்கு மேலே மாடி. ஜெசிந்தாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தையல்நாயகியை உட்கார வைத்த நாற்காலிக்கு நேர் மேலே ஏ.சி.

"குளிருதாம்மா?"

"இல்லைங்க மேடம், நல்லா இருக்கு" என்றாள், கை மயிர் சிலிர்த்து நிற்க.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

இரண்டாவது வாரம் ஜெசிந்தாவுக்கு முறுக்கு கொண்டுபோனாள். மூன்றாவது வாரம் தேங்காய் பர்பியோடு நல்ல செய்தியும் கொண்டுபோனாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு மேடம். படபடப்பே இல்ல. நீங்க கைராசிக்காரங்க."

ஜெசிந்தா பர்பி டப்பாவை ஓரமாக வைத்தாள்.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?"

"அது… தூங்கலைங்க."

"கை நடுக்கம்?"

தையல்நாயகி கையை முந்தானைக்குள் ஒளித்தாள்.

"நான் சந்தோஷப்படணும்னு குணமாயிட்டீங்களா?"

தையல்நாயகிக்கு அழுகை வந்தது. ஜெசிந்தா அவசரப்படவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தையல்நாயகியின் வாழ்க்கையில் அவளுக்காக ஒருத்தர் சும்மா காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"குளிருதுங்க" என்றாள் கடைசியில். "முதல் வாரத்துலேர்ந்தே குளிருது."

ஜெசிந்தா ரிமோட்டை அவள் கையில் கொடுத்தாள்.

தையல்நாயகி ஏ.சி.யை அணைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை. ஜெசிந்தாவின் முகம் சுருங்கவில்லை. அறை கொஞ்சம் புழுங்கியது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பேச்சு வந்தது. அப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொன்னாள். வாசலில் அவர் ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைக்குக் கோபமா இல்லையா என்று தெரிந்துவிடும். எட்டு வயசுத் தையல்நாயகி சத்தம் கேட்டதும் சொம்பில் தண்ணீரோடு ஓடுவாள். அவள் ஓடினால் அம்மாவுக்கு அடி விழாது என்று நம்பினாள். சில நாள் அது பலித்தும் இருக்கிறது.

"அந்தப் பொண்ணு ஓடினது தப்பில்ல" என்றாள் ஜெசிந்தா. "இப்ப எங்க ஓடுது?"

"மணிச் சத்தத்துக்கு" என்றாள் தையல்நாயகி.

ஜெசிந்தா அவளை ஒரு நோட்டு வாங்கச் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு சின்ன விஷயத்துக்கு 'முடியாது' சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால், சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாளோ அதை இடது பக்கம் எழுத வேண்டும். சொன்ன பிறகு என்ன ஆனதோ அது வலது பக்கம்.

முதல் வாரம் இடது பக்கம்: "எத்திராஜுலு சாருக்குப் பதினோரு மணி காபி கிடையாது என்றால் கோபித்துக்கொள்வார். சாப்பிட வரமாட்டார். ஆசிரமத்தை விட்டே போய்விடுவார். நான்தான் காரணம் என்பார்கள்."

வலது பக்கம்: "'சரிம்மா' என்றார். வாழைப்பழம் சாப்பிட்டார்."

அவள் அந்த வரியை நாலு தடவை படித்தாள். ஒன்பது வருடம், தினம் ஒரு காபி, அவருக்கு ஒரு வாழைப்பழம் போதுமாக இருந்திருக்கிறது!

எல்லாரும் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை. மிளகு ரசக்காரர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வலது பக்கம் அதையும் எழுதினாள்: "மூன்று நாள் பேசவில்லை. நான் மூன்று நாளும் தூங்கினேன்." நடுவில் ஒரு மாதம் பழையபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நெஞ்சு பழையபடி அடித்தது. வெட்கத்தோடு மாடியேறினாள். ஜெசிந்தா திட்டவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

எட்டாவது மாதம் ஆசிரமத்தில் ஒரே சமையல். கஞ்சி வேண்டியவர் கஞ்சி வைத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்குத் தையல்நாயகி மண்டபத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் பத்து நிமிஷம். அப்புறம் இருபது. முப்பதுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஜன்னலில் மணி ஆடினால் எழுந்துவிடுவாள்.

பத்தாவது குரு பூர்ணிமை வந்தது. பந்திக்கு டவுனிலிருந்து சமையல் ஆட்கள். அது அவள் முடிவு. "செலவாகுமே" என்று எத்திராஜுலு இழுத்தார். "ஆகும் சார்" என்றாள் தையல்நாயகி. பேச்சு அதோடு முடிந்தது.

காலை ஆறு. மண்டபம் நிறைந்திருந்தது. சுவாமியின் காலி ஆசனத்துக்கு முன்னால் பழத்தட்டுகள், சால்வைகள், பூ. வெறுங்கையோடு வந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆறு இருபது. ஆறு முப்பது.

ஆறு நாற்பதுக்குச் சமையலறை மணி அடித்தது.

நெஞ்சு எழுந்து ஓடியது. உடம்பு ஓடவில்லை.

மறுபடி அடித்தது, இன்னும் பலமாக. மண்டபத்தில் பாதிப் பேர் அரைக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். உள்ளங்கை வேர்த்தது. அவள் மூச்சை மெதுவாக விட்டாள். சைக்கிள் இல்லை, சொம்பு இல்லை. யாரோ ஒருவருக்கு ஏதோ வேண்டும், அவ்வளவுதான்.

காலடி அவளிடம் வந்து நின்றது. கண்ணைத் திறந்தாள். சுவாமி.

மணி அடித்தது அவர்தான்.

"காபி வேணுமேம்மா" என்றார்.

எத்திராஜுலு இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார்.

"ஏழு மணிக்கு சுவாமி."

"இப்பவே வேணும்."

"இப்ப முடியாது சுவாமி. உட்காந்திருக்கேன்."

"குரு கேக்கறேன்."

"டிகாக்‌ஷன் மேல் தட்டுல இருக்கு. பால் ஃபிரிட்ஜ்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன்னால், "சார், நீங்களும் மூடுங்க" என்றாள் எத்திராஜுலுவிடம்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எதுவோ பொங்கி வழிந்தது. "ஐயையோ" என்று சுவாமியின் குரல். தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஏழுக்கு மண்டபத்து மணி அடித்தது. முழுசாக ஒரு மணி நேரம்! ஒன்பது வருடமும் பத்து மாதமும் கழித்து, வந்த காரியம் நடந்துவிட்டது.

சுவாமி இரண்டு டம்ளரோடு வந்தார். காவி வேட்டியெல்லாம் பால். ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். மண்டபமே அவள் வாயைப் பார்த்தது.

"எப்படி இருக்கும்மா?"

தையல்நாயகி இன்னொரு வாய் குடித்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தண்ணியா இருக்கு சுவாமி. சர்க்கரையும் தூக்கல்."

சுவாமி தன் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, நானூறு பேர் பார்க்க அவளைக் கும்பிட்டார்.

"நாளைக்கு டிகாக்‌ஷனைக் கூட்டிக்கறேன்" என்றார். "தட்சிணை வந்து சேர்ந்துடுச்சும்மா."