தாமரைக்கு அல்லி என்ன முறை?

முன்னொரு காலத்தில், வேலை குறைவாகவும் சந்தேகம் அதிகமாகவும் வாய்த்த ஒரு ராஜா இருந்தார். அவர் குலத்துப் பூ தாமரை. ராணி பிறந்த வீட்டுப் பூ அல்லி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதனால் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை.

ஒருநாள் அரண்மனைக் குளக்கரையில் ராஜவைத்தியர் மருதநம்பி தொண்டையைக் கனைத்தார். அவருக்கு விகடகவி குப்பாண்டியைக் கண்டாலே ஆகாது.

"பிரபு, இரண்டும் தண்ணீரில் பூக்கின்றன. இரண்டுக்கும் வட்ட இலை, அடுக்கு இதழ். பார்த்தால் ஒரு தாய் மக்கள். அப்படியானால் தாங்களும் மகாராணியும் பங்காளி வகையறா அல்லவா? பங்காளி வீட்டில் பெண் எடுத்தால்..." மீதியைச் சொல்லக் கூசியவர்போல் காதைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவுக்கு வியர்த்தது. ராணியோ பிறந்த வீட்டுக்குப் போகப் பல்லக்கு கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

"இதைத் தீர்க்கக் குப்பாண்டியால்தான் ஆகும்," என்றார் வைத்தியர், அத்தனை அன்போடு.

"குப்பாண்டி! பல்லக்கு கிளம்புமுன் இவை உறவில்லை என்று நிரூபி. தவறினால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம்!" என்றார் ராஜா.

குப்பாண்டி இரண்டு இலையிலும் தண்ணீர் தெளித்தான். தாமரை இலையில் முத்தாய் உருண்டு ஓடியது. அல்லி இலையில் படிந்து நின்றது.

"குணம் வேறு, பிரபு."

"அண்ணன் தம்பிக்குக் குணம் வேறாக இருக்காதா? சாயலைப் பாரப்பா, சாயலை!" என்றார் வைத்தியர்.

"சாயல்தானே? வாரும்." குப்பாண்டி அவர் கையைப் பற்றிக் குளத்தில் குதித்தான்.

அங்கே தண்ணீரைவிடச் சேறு அதிகம். கரையேறிய இரண்டு உருவமும் உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரே கறுப்பு. ராஜா பதறிப்போய்க் குப்பாண்டியின் தோளைப் பிடித்தார்.

"வைத்தியரே, இதென்ன கோலம்?"

"அடியேன் குப்பாண்டி, பிரபு. வைத்தியர் பின்னால் நிற்கிறார். பங்காளிகள் அல்லவா, தங்களுக்கு அடையாளம் தெரியவில்லை."

"யாருக்கு யாரடா பங்காளி?" வைத்தியர் குதித்தார். "ஏழு தலைமுறைக்கும் உனக்கும் எனக்கும் ஒட்டு உறவு கிடையாது!"

"பிறகு இந்தச் சாயல்?"

"இரண்டு பேரும் ஒரே குளத்தில் கிடந்தோமே, வராதா?"

சொல்லி முடித்தபிறகுதான் வைத்தியருக்கு உறைத்தது.

"நான் நிரூபிக்க வைத்தியர் எதுவும் மிச்சம் வைக்கவில்லை, பிரபு," என்றான் குப்பாண்டி பணிவாக.

பல்லக்குக்குள்ளிருந்து முதலில் ராணியின் சிரிப்புதான் கேட்டது. அப்புறம் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"கேள், என்ன வேண்டும்?"

"முதலில் வெந்நீர், பிரபு. பொற்கிழி அப்புறம்."

இரண்டும் கிடைத்தன. முதுகு தேய்த்துவிட்டவர் ராஜவைத்தியர். சீயக்காய் அரண்மனைச் செலவு.