வேட்டி கேட்டுப் போன வீடு

“நாளைக்கு நான் உக்காரவா, வேண்டாமா?” என்று கேட்டாள் செல்லக்கிளி.

குருவம்மாள் படித்துறையில் குனிந்து ஒரு பழைய சேலையை அலசிக்கொண்டிருந்தாள். ஆற்றில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர்.

“குருக்கா, நான் கேக்கது காதுல விழுதா?”

“விழுது. அந்த நுனியைப் பிடி. பிழியணும்.”

செல்லக்கிளி பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று முறுக்கினார்கள். போன மாதப் போராட்டத்துக்கு எழுதிய எழுத்தின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அப்போது குருக்காவுக்கு இருபத்திரண்டு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. குருவம்மாள் என்று பெயர் வைத்த பாவத்துக்கு எல்லோரும் ‘குரு, குரு’ என்று கேலி செய்தார்கள். நாளாக ஆக, கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் கூட்டத்தில் அவளைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள் குருக்காதான்.

எங்களை ஊர் ‘வெயில் பிள்ளைகள்’ என்றது. கோடை ஏன் இப்படி நீளுது, மழை ஏன் தப்பித் தப்பி வருது என்று வீடு வீடாகப் போய்ப் பேசினோம் அல்லவா, அதனால்.

“வெயில் பிள்ளைங்க வந்துட்டு. மோர் இருந்தா குடுங்கட்டி, பேச்சு நீளும்” என்பார்கள்.

நிஜமாகவே மோர் கொடுப்பார்கள்.

புதிதாகச் சேர வருகிறவர்கள் முதலில், “உங்க கொள்கை என்ன?” என்று கேட்பார்கள். குருக்கா, துவைக்கிற துணியில் ஒன்றை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பாள். சிலர் துவைத்தார்கள். சிலர் மறுநாள் வரவில்லை.

கடையில் பேனர் அடிப்பது எங்களிடம் கிடையாது. வீடுகளில் கேட்டு வாங்கிய பழைய துணியில்தான் எழுதுவோம். காரியம் முடிந்ததும் துவைத்து, பையாகத் தைத்து, கொடுத்த வீட்டுக்கே திருப்பிக் கொடுப்போம்.

இப்போது எல்லோரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். மொட்டை மாடியில் ஈரத் துணியை உதறும்போது, ஒரு கணம், அந்தப் படித்துறையின் பாசி வாசம் வந்துவிட்டுப் போகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு.

யாரை மறிக்கப் போகிறோமோ, முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். பொழுது இருக்கும்போதே போக வேண்டும். வாசலில் நின்று கத்தாமல், உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இந்த வழக்கம்தான் அன்றைக்குச் செல்லக்கிளியைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடியலில் மணல் லாரிகளை மறிப்பது என்று முடிவாகியிருந்தது. மழையே குறைந்துபோச்சு, பெய்கிற கொஞ்ச மழையைப் பிடித்து வைக்கிற மணலையும் அள்ளிவிட்டால் கிணறு எப்படி ஊறும் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. லாரி ஓட்டுகிறவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான். ஆவுடையப்பன்.

செல்லக்கிளியின் அப்பா.

“உக்காந்தா எங்க அப்பா மூஞ்சில முழிக்க முடியாது. உக்காரலேன்னா உங்க மூஞ்சில முழிக்க முடியாது. நான் எங்கதான் போக?”

குருக்கா சேலையை உதறிக் கல்லில் விரித்தாள்.

“உங்க வீட்டுக்குப் போவோம். சொல்லணும்லா.”

“நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்.”

“எனக்கு வீடு அடையாளம் தெரியாதே.”

தெரியாமல் என்ன. போன பொங்கலன்று அந்த வீட்டு முற்றத்தில்தான் உட்கார்ந்து கரும்பு கடித்தாள்.

*

ஆவுடையப்பன் லாரியின் படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாம்மா குரு. ஏட்டி கிளி, நீ எதுக்கு விருந்தாளி மாதிரி வெளிய நிக்க? உனக்கும் வெத்தலை பாக்கு வைக்கணுமா?”

செல்லக்கிளி குருக்காவின் முதுகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள்.

குருக்கா முற்றத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“மாமா, நாளைக் காலைல ஆத்து ரோட்டுல உக்காருதோம். மணல் வண்டி எதையும் விடமாட்டோம். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போக வந்தோம்.”

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

“என் வண்டியுமா?”

“உங்க வண்டியும்தான்.”

“வண்டி என்னது இல்லை. மணலும் என்னது இல்லை. ஸ்டியரிங் மட்டும்தான் என் கையில இருக்கு. நான் ஓட்டலேன்னா இன்னொருத்தன் ஓட்டுவான்.”

“அவர் வீடு எங்கன்னு சொல்லுங்க. அங்கயும் போய்ச் சொல்லுதோம்.”

உள்ளே செல்லக்கிளியின் அம்மா, எங்கள் எல்லோருக்கும் அத்தை, சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“விளையாட்டு இல்லைம்மா. நான் எப்பவும் கடைசிலதான் வருவேன். முன்னால வர்றவனுங்க எல்லாம் வெளியூர்க்காரனுங்க. முத லோடு அடிக்கணும்னு பறக்கிறவனுங்க. இருட்டு விலகாத நேரம் வேற. ரோட்டுல கெடக்கது பிள்ளையா, மூட்டையான்னு பாத்துக்கிட்டா பிரேக் போடுவான்?”



அவர் மகளைப் பார்த்தார்.

“நீயும் உக்காருதியாட்டி?”

செல்லக்கிளி குருக்காவைப் பார்த்தாள். குருக்கா அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“சரி, சரி. சாப்பிட்டுப் போங்க” என்றார் அவர்.

சாப்பிட்டார்கள். சுண்டவத்தல் குழம்பு. செல்லக்கிளி தன் வீட்டுச் சோற்றை விருந்தாளி போலத் தலை குனிந்து தின்றாள்.

கை கழுவும்போது குருக்கா கேட்டாள்.

“மாமா, பழைய வேட்டி ஏதாவது கெடக்கா?”

“எதுக்கு?”

“நாளைக்கு எழுதிக் கட்டுறதுக்கு.”

இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லாருக்கே! என்னை மறிக்கதுக்கு என் வேட்டியேவா? விட்டா ரோட்டுக்குக் குறுக்க நிறுத்த என் லாரியையும் கேப்ப போல.”

“லாரி வேண்டாம் மாமா. அது உங்களது இல்லைன்னு சொன்னீங்களே.”

அவர் உள்ளே போனார். பெட்டியைத் திறந்து, கொஞ்ச நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு எட்டு முழ வேட்டி. கரை வெளுத்து, இரண்டு நுனியும் இழுபட்டுக் கோணியிருந்தது.

“ஏங்க, இதையா குடுக்கீங்க?” என்றாள் அத்தை. “இது பிள்ளைக்கு நீச்சல் பழக்குன வேட்டிலா?”

“வேற இல்லை.”

முற்றத்துக் கொடியில் அவருடைய வேட்டிகள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.

*

திரும்பி வரும் வழியில் செல்லக்கிளி வேட்டியை நெஞ்சோடு வைத்திருந்தாள். வெகு தூரம் நடந்தார்கள்.

“இதை என் வயித்துல சுத்தி, ரெண்டு நுனியையும் கையில பிடிச்சுக்குவாரு” என்றாள் கடைசியில். “நான் காலை அடிப்பேன். ஆறு முழுக்கத் தண்ணி. அடியில மீன் வந்து பாதத்தைக் கடிக்கும். எனக்கு ஒரே அழுகை.”

“மாமா என்ன செய்வாரு?”

“சிரிப்பாரு. ‘காலை ஊணிப் பாரு’ம்பாரு. ஊணுவேன். மெத்து மெத்துன்னு இருக்கும். ‘பயப்படாத, கீழ மணல் இருக்கு’ம்பாரு.”

“இப்ப அந்த இடம் எங்க இருக்கு?”

“அங்கதான். பாலத்துக்குக் கீழ. இப்ப அங்க பள்ளம். காலை ஊணினா ஆள் கிடைக்கமாட்டான்.”

குருக்கா ‘ம்’ என்றாள்.

எத்தனையோ பேர் அந்த இடத்தில் நீந்தப் பழகியிருக்கிறோம். அந்த மீன் எங்கள் பாதத்தையும் கடித்திருக்கிறது. அப்போது அது ஒரு தொந்தரவு.

படித்துறையில் இசக்கித்துரை பிரஷ்ஷை எடுத்து வைத்து, சிவப்புக் காவியைக் கரைத்துக் காத்திருந்தான். எங்கள் கூட்டத்தில் தொண்டை பெரியது அவனுக்குத்தான்.

“கொண்டா வேட்டியை. எழுதுவோம். ‘மணல் திருடர்களே, ஓடிப்போங்கள்!’ எப்படி?”

“இப்ப சோறு தின்னுட்டு வந்தோமே, அந்த வீட்டு முத்தத்துல உக்காந்து இதைச் சொல்லுவியா?” என்றாள் குருக்கா.

“சோறு தின்னது நீங்க ரெண்டு பேரும். நான் எங்க தின்னேன்?”

“நாளைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு வாயைக் கொஞ்சம் மூடு.”

அதுவும் எங்கள் வழக்கம்தான். அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடிந்ததை மட்டும்தான் துணியில் எழுதலாம். இதனால் பல நல்ல வசனங்கள் எங்களிடம் வீணாகப் போயின. இசக்கித்துரைக்கு அந்த வருத்தம் தீரவே இல்லை.

குருக்கா பிரஷ்ஷை எடுத்துச் செல்லக்கிளியிடம் நீட்டினாள்.

“நான் உக்காரவே போறேனா இல்லையான்னு தெரியல. நான் எப்படி எழுத?”

“உங்க வீட்டு வேட்டி.”

“என்ன எழுதணும்னாவது சொல்லுங்க.”

குருக்கா எழுந்து போய், கல்லில் காயப்போட்ட சேலையைத் திருப்பிப் போட்டாள்.

செல்லக்கிளி வேட்டியைப் படியில் விரித்தாள். சும்மாவே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்து எதிர்க்கரைப் பனைகள் கறுத்தபோதுதான் பிரஷ்ஷைத் தொட்டாள். ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

இசக்கித்துரை குனிந்து படித்தான்.

“இதைப் பாத்து எவன் வண்டியை நிறுத்துவான்? சிரிப்பான்.”

சிவப்பு காயட்டும் என்று நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுக் கலைந்தோம்.

*

விடியுமுன் ஆற்று ரோட்டில் கூடினோம். கரை மேல் போகிற பாதை. ஒரு லாரி போனால் இன்னொன்று ஒதுங்க இடம் கிடையாது. வேட்டியின் ஒரு நுனியை உடைமரத்தில் கட்டினோம். இன்னொரு நுனியை மின்கம்பத்தில். அதற்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தோம். தரை சில்லென்று இருந்தது. பக்கத்து ஆளின் தோள் மட்டும் சூடு.

அந்தச் சூட்டை அப்புறம் எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை.

செல்லக்கிளி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“குருக்கா, அப்பாவைக் காணோம். நான் எழுந்திரிக்கும்போதே வண்டியும் இல்லை. எங்க போனாருன்னு அம்மாவுக்கும் தெரியல.”

குருக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைசிலதான வருவாரு? இன்னைக்கு எதுக்கு இவ்வளவு சீக்கிரம்? எனக்குப் பயமா இருக்கு.”

“ம்.”

“சொல்லுங்க. நான் உக்காரவா?”

குருக்கா கொஞ்சம் நகர்ந்தாள். அவளுக்கும் இசக்கித்துரைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விழுந்தது.

செல்லக்கிளி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் லாரிகளின் உறுமல் கேட்டது. உட்கார்ந்தாள்.

வளைவில் வெளிச்சம் திரும்பியது. பின்னால் இன்னும் சில வெளிச்சங்கள், அவசர அவசரமாக ஹாரன் அடித்துக்கொண்டு. முன்னால் வந்த வண்டிக்கு மட்டும் ஒரு அவசரமும் இல்லை. மாட்டு வண்டி போல ஊர்ந்து வந்தது. பின்னால் வருகிறவர்கள் முந்தப் பார்த்தார்கள். பாதையின் நடுவை விட்டு அது விலகவே இல்லை.

வேட்டிக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றது.

ஆவுடையப்பன் இறங்கினார்.

விளக்கு வெளிச்சம் முழுக்க வேட்டி மேல் விழுந்திருந்தது. அவர் படித்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்; உதடு அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

‘பயப்படாத, கீழ மணல் இருக்கு.’

காற்று அடித்தது. உடைமரத்துப் பக்கம் முடிச்சு நெகிழ்ந்து வேட்டி தொய்ந்தது. அவர் அந்த மரத்தை நோக்கி நடந்தார். முடிச்சில் கை வைத்தார்.

“போச்சு. அவுக்காரு” என்று முனகினான் இசக்கித்துரை.

அவர் முடிச்சை அவிழ்த்தார். நுனியை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, லாரித் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினார். வேட்டி விறைப்பாக நின்றது.

“ஏ, கட்டுதாருல்லா!” என்றான் அவனே.

செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணல் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் லாரிகளுக்கு இடையில் பைக்கை நுழைத்து நுழைத்து முன்னால் வந்து சேர்ந்தான்.

“யோவ் ஆவுடையப்பா! இவங்க மறிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நேத்தே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க.”

“தெரிஞ்சா வந்த? எப்பவும் கடைசில ஆடி அசைஞ்சு வர்ற ஆளு, இன்னைக்கு எதுக்குய்யா முத வண்டியா வந்து ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்க?”

ஆவுடையப்பன் வண்டிக்குள் கையை விட்டு இஞ்சினை அணைத்தார். சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

“வேற எவனும் முதல்ல வந்துரக் கூடாதுல்லா” என்றார்.