பட்டத்து யானையின் பட்டினி

காக்கையெல்லாம் வெள்ளையாக இருந்த காலத்தில் ஏழாற்றூரை மகுடசிங்கன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். வீதியில் முதலில் அவர் மீசை வரும். அரை நாழிகை கழித்துத்தான் அவர் வருவார்.

பக்கத்து நாட்டு ராஜா இருபது நாள் வெறும் தண்ணீர் குடித்து விரதம் இருந்தாராம். கேள்விப்பட்டதுமே, "நான் நாற்பது நாள்!" என்று தொடையைத் தட்டிவிட்டார் நம் ராஜா. அரண்மனை வைத்தியர் வாயைத் திறந்தார்.

"தடுக்கிறவன் ராஜத்துரோகி!" என்று முந்திக்கொண்டார் பிரதானி வீரவல்லபர். வைத்தியர் வாயை மூடிக்கொண்டார்.

ராஜா சாப்பிடுமுன் தன் கையால் பட்டத்து யானைக்கு முதல் கவளம் ஊட்டுவது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பிறகுதான் யானைக்குத் தீனி. மாவுத்தன் மாசாணன்மேல் ராஜாவுக்கு இருந்த பிரியம் வல்லபருக்கு ஆகாது.

"ராஜாவே உண்ணாதபோது யானைக்கென்ன தீனி? அதுவும் விரதம் இருக்கட்டும், பெருமைதானே!" என்றார் வல்லபர்.

"உத்தரவுங்க" என்றான் மாசாணன். கொட்டடிக் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் அறுபது கட்டுக் கரும்பை யானை முன் தள்ளினான்.

பதினேழாம் நாள், சிம்மாசனத்திலிருந்து எழுந்த ராஜாவுக்குக் கண் இருட்டியது. தூணைப் பிடித்து நின்றார். நெஞ்சு படபடவென்று அடித்தது. மாசாணன் அதைப் பார்த்துவிட்டான். இன்னும் நாலு நாள் போனால் இந்த மனுஷன் நமக்கு இல்லை!

யானையைச் சபைக்கே ஓட்டி வந்தான். அதன் காதுக்குப் பின்னால் லேசாகத் தொட்டான். யானை தள்ளாடியது, மண்டியிட்டது, தொப்பென்று சாய்ந்தது. ஏழு ஊருக்குத் தரை அதிர்ந்தது.

"அடேய் மாசாணா! என்னடா ஆச்சு?"

"பதினேழு நாள் விரதம், மகாராஜா. நாற்பதை எட்டிடும்."

"மதிகெட்டவனே! எந்த உடம்படா இதைத் தாங்கும்? இதயம் நின்றுவிடாதா? இப்போதே நிறுத்து!"

"நிறுத்திடறேன். உங்க விரதத்தை யாரு நிறுத்தறது, மகாராஜா?"

ராஜா யானையைப் பார்த்தார், மெலிந்துபோன தன் கையைப் பார்த்தார். "விரதம் முடிந்தது" என்றார்.

அடுத்த கணமே வல்லபர் கைதட்டினார். நெய்ப்பொங்கல், ஆட்டுக்கறி, லட்டு என்று இருபத்தேழு பதார்த்தம் வந்து இறங்கியது. ராஜா கையை நீட்டினார். மாசாணன் குறுக்கே பாய்ந்தான்.

"வேண்டாம் மகாராஜா! குழியில கிடந்து காய்ஞ்ச காட்டு யானைக்கு முதல் நாளே வயிறு முட்டத் தழை போட்டு, அதைச் சாகக் கொடுத்தவரு எங்க பெரியப்பன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

வைத்தியருக்கு இப்போதுதான் வாய் வந்தது. "ஆமாம் பிரபு. நெடும்பட்டினிக்குப் பின் விருந்து உயிரையே வாங்கிவிடும். இன்றைக்கு இரண்டு கரண்டி நீர்க்கஞ்சி. அதுவும் நான் நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போது."

ராஜா முதல் கரண்டியை விழுங்கவும், யானை தானாகவே எழுந்து லட்டுத் தட்டில் தும்பிக்கையை விடவும் சரியாக இருந்தது.

"அடேய், இது கொழுத்தல்லவா இருக்கிறது!"

"நடிச்சது அது, மகாராஜா. நான் காதைத்தான் தொட்டேன்."

"மோசடி!" என்று குதித்தார் வல்லபர். "பிரபு, பக்கத்து நாட்டு ராஜா இருபது நாள் இருந்தாரே! நமக்குத் தலைகுனிவு இல்லையா?"

ராஜா மீசையை முறுக்கினார். "ஓலை எழுதும். 'நீர் இருபது நாள் பட்டினி கிடந்தீர். நான் பதினேழில் நிறுத்தினேன். ராஜாவை மறித்துப் பேசத் துணிந்த மாவுத்தன் என் நாட்டில் இருக்கிறான். உம்மிடம் யார் இருக்கிறார்?' இதை நீரே நடந்து போய், அந்தச் சபையில் உரக்கப் படித்துவிட்டு வாரும், வல்லபரே!"