அரசர் மூக்கில் சொட்டிய மழை

நீர்முளை நாட்டு அரசர் பூவராகராயருக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். ஒருநாள் அவர் கொலுமண்டபத்தில் வீற்றிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. "சொட்!" சரியாக அரசர் மூக்கு நுனியில் ஒரு துளி!

ஓடு வேயும் சடையனைக் கூப்பிட்டார். "என் தலைக்கு மேலே இருக்கிற ஓட்டை மாற்று! மறுபடி சொட்டினால் குடும்பத்தோடு நாட்டை விட்டே ஓடு!"

அரசர் தலைக்கு நேர் மேலே இருந்த ஓட்டை எடுத்துவிட்டுச் சடையன் புது ஓடு பதித்தான். மறுநாளும் மழை. மறுபடியும் "சொட்!"

"மூட்டையைக் கட்டடா!" என்றார் அரசர். சடையன் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்று அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அவை விகடர் வேலப்பர் எழுந்தார். "அரசே, தண்ணீர் ஓரிடத்தில் நுழையும், விட்டத்தோடு ஊர்ந்து வேறிடத்தில் விழும். ஓட்டை எங்கே என்று தெரியாமல் தண்டிக்கலாமா?"

"அப்படியா? நீரே கண்டுபிடியும்! மழையும் விட்டாயிற்று. கூரைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தோற்றால் நீரும் இவனோடு கிளம்பும்!"

வேலப்பர் கதவு சன்னல்களை அடைத்தார். உள்ளே நாலு சட்டி நெருப்பில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். அரசர் உட்பட எல்லோரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார்கள். அண்ணாந்து பார்த்தால், மற்ற இடங்களில் லேசாகக் கசிந்த புகை, கூரை உச்சியில் கொடிக்கம்பத்தின் அடியில் மட்டும் குபுகுபுவென்று வந்தது. போன மாதம் தம் பிறந்தநாளுக்கு அரசரே ஆள்விட்டு நடச்சொன்ன கம்பம் அது!

அரசர் முகம் சுருங்கியது. ஆனாலும் விடுவாரா?

"அது கிடக்கட்டும்! என் வாய்ச்சொல்தான் இங்கே சட்டம். 'ஓட்டை மாற்று' என்றேன். ஓட்டை அப்படியே இருக்கிறதே!"

"ஓட்டை மாற்றிவிட்டானே, அரசே! பழைய ஓடு போய்ப் புது ஓடு வந்திருக்கிறது. 'ஓட்டையை மாற்று' என்றா சொன்னீர்கள்?"

அரசர் கொடிக்கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அப்படியானால் தப்பு யார்மேல் என்கிறீர்?"

"அதை நான் எப்படிச் சொல்வேன்? ஓர் ஓட்டையைத் தேடச் சொன்னீர்கள். எனக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று கூரையில். இன்னொன்று சட்டத்தில்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். வேலப்பருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. கூரை ஓட்டையை அன்றைக்கே சடையன் அடைத்துவிட்டான். சட்டத்து ஓட்டையை அடைக்கத்தான் இன்னும் ஆள் தேடுகிறார்களாம்.